வீட்டில் சக்குலன்ட் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தச் செடிகளை வளர்க்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. முதல் வருடம் வாங்கிய பதினொன்றில் மிஞ்சியவை இரண்டு. மற்ற ஒன்பதையும் என் கையாலேயே கொன்றேன், பெரும்பாலும் தண்ணீர் ஊற்றி. அன்று நான் பிறரிடம் கேட்ட கேள்விகளையே இன்று பிறர் என்னிடம் கேட்கிறார்கள். அவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். யார் என்ன கேட்டாலும், பதிலுக்கு நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அந்தச் செடிக்குச் சொந்த ஊர் எது? அது தெரிந்துவிட்டால் பாதிக் கேள்விகள் தாமாகவே தீர்ந்துவிடும்.

சக்குலன்ட் என்பது ஒரு தாவரக் குடும்பமா? கள்ளியும் அதுவும் ஒன்றா?

குடும்பம் இல்லை, ஒரு பழக்கம் என்று சொல்லலாம். மழை பெய்யும்போது தண்ணீரை உடம்பில் சேர்த்துக்கொண்டு, பெய்யாத மாதங்களில் அதை வைத்துப் பிழைக்கும் செடி எதுவானாலும் சக்குலன்ட்தான். எச்செவேரியாவும் செடமும் இலையில் சேர்க்கும். கள்ளிகள் தண்டில் சேர்க்கும். அடீனியம் அடியில் பருத்திருக்கும் தண்டில் சேர்க்கும். ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பல குடும்பங்களில் இந்தப் பழக்கம் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

தமிழில் ‘கள்ளி’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று குடும்பங்களை அடைத்துவைத்திருக்கிறோம். சப்பாத்திக்கள்ளி உண்மையான கள்ளிக் குடும்பம், அதாவது காக்டஸ். சதுரக்கள்ளியும் திருகுக்கள்ளியும் யூபோர்பியா. ரணகள்ளி இரண்டிலும் சேராது. அது கலஞ்சோவின் இனம். திருகுக்கள்ளியின் அறிவியல் பெயரிலேயே ‘திருகள்ளி’ இருக்கிறது. மலபார் தாவரங்களைப் பற்றிய பழைய லத்தீன் நூலிலிருந்து, செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் அந்தப் பெயரை எடுத்து 1753-இல் நிலைநிறுத்திவிட்டார்.

பிரித்தறிவது எளிது. காக்டஸில் முட்கள் ஒரு சின்னப் பஞ்சுப் பொட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும். யூபோர்பியாவில் அந்தப் பொட்டு இருக்காது. கீறினால் வெள்ளைப் பால் வரும். காக்டஸ் இனங்கள் எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. ரிப்சாலிஸ் பாக்கிஃபெரா ஒன்று மட்டும் விதிவிலக்கு: அது ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும்கூட இயற்கையாக வளர்கிறது. அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதில் தாவரவியலாளர்களுக்குள் இன்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை.

முதன்முதலாக வாங்குகிறேன். எதை வாங்கலாம்?

செடியைப் பார்ப்பதற்கு முன் உங்கள் ஜன்னலைப் பாருங்கள். ஒரு நாளில் நான்கைந்து மணி நேரம் நேரடி வெயில் விழுமா? அப்படியானால் ஜேட் எனப்படும் கிராசுலா ஓவாட்டா, போர்ட்டுலகாரியா, கிராப்டோபெட்டலம் பராகுவாயென்ஸ் மூன்றும் நல்ல தொடக்கம். தவறு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். வெளிச்சம் மட்டும் வரும், வெயில் வராது என்றால் ஹாவோர்த்தியா, காஸ்டேரியா, பாம்புச் செடி. ஹாவோர்த்தியாக்கள் தென்னாப்பிரிக்காவில் புதர்களின் நிழலிலும் பாறை இடுக்கிலும் வளர்பவை. ஜன்னலோர நிழல் அவற்றுக்குப் பழகிய இடம்தான்.

லித்தாப்ஸ், கோனோஃபைட்டம் இரண்டையும் முதல் வருடம் தொடாதீர்கள். கடையில் கூழாங்கல் போல அழகாக இருக்கும், கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நாள் கணக்கில் யார் பதில் சொன்னாலும் நம்ப வேண்டாம். நான் சொன்னாலும்தான். பானையின் அளவு, மண், வெயில், காற்று, பருவம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும் விஷயம் இது. வெயிலில் இருக்கும் சின்னப் பானை ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். அதே பானை குளிர்காலத்தில் அறைக்குள் இருந்தால் ஒரு மாதம் ஆனாலும் உள்ளே ஈரம் இருக்கும்.

விதி ஒன்றுதான்: மண் அடிவரை காய்ந்த பிறகு, அடித்துளை வழியாக வடியும் வரை ஊற்று. பாலையில் மழை அப்படித்தான் பெய்கிறது. வந்தால் கொட்டும், பிறகு நாள் கணக்கில் வராது. தினமும் ஒரு ஸ்பூன் ஊற்றுவதும் ஸ்பிரேயரால் தெளிப்பதும் கருணையாகத் தோன்றும். ஆனால் மேல்மண் மட்டும் நனைந்து, வேர் மேலேயே சுருண்டு நிற்கும், இலையிடுக்கில் ஈரம் தங்கும். விதையிலிருந்து முளைத்த குட்டிகளுக்கும் இலையிலிருந்து வந்த குட்டிகளுக்கும் தவிர, ஸ்பிரேயருக்கு இங்கே வேலை இல்லை.

காய்ந்ததா என்று பார்க்க மூன்று வழி உண்டு. ஒரு மரக்குச்சியை அடிவரை குத்தி எடுத்தால் ஈரமண் ஒட்டி வரும். பானையைத் தூக்கிப் பார்க்கலாம். காய்ந்த பானையின் எடை கைக்குப் பழகிவிட்டால் குச்சி தேவைப்படாது. மூன்றாவது, செடியையே கேட்பது: அடியிலைகளை மெதுவாக அழுத்தினால், தாகத்தில் இருக்கும் இலை தளர்ந்து வளையும், தண்ணீர் நிறைந்த இலை கல் மாதிரி இருக்கும். சந்தேகமாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் விடுங்கள். தாகத்தில் இருக்கும் சக்குலன்ட் ஓரிரு நாளில் தேறிவிடும். அழுகியதைத் தேற்றுவது பெரிய பாடு.

ஒரு சின்ன எச்சரிக்கை: எச்செவேரியாவின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் ஊதித் தள்ளிவிடுங்கள்.

ஊற்றியது அதிகமா குறைவா என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியும். அதிகமானால் இலை மஞ்சளாகி, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும், கொழகொழக்கும், தொட்டாலே உதிரும். குறைந்தால் சுருங்கும், தளரும், அடியிலைகள் சருகாகும். இரண்டிலும் செடி வாடித் தெரியும் என்பதால்தான் குழப்பம். அழுகிய வேரால் தண்ணீர் இழுக்க முடியாது, அதனால் மண் ஈரமாக இருக்கும்போதே இலை சுருங்கும். அதைப் பார்த்து, “ஐயோ, தாகம்!” என்று இன்னும் ஊற்றுகிறோம். மண் ஈரம், இலை சுருக்கம் என்றால் உடனே செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்.

அடியில் ஒன்றிரண்டு இலை மட்டும் காய்ந்து தாள் போல ஆகிறதே?

அது வளர்ச்சி. பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்கிறது. சருகைக் கிள்ளி எறியுங்கள். விட்டால் மாவுப்பூச்சி அதன் அடியில்தான் குடியேறும்.

மண்ணுக்கு என்ன கலவை?

நான் பயன்படுத்துவது ஒரு பங்கு மட்கிய உரம் கலந்த தோட்ட மண்கலவை, இரண்டு பங்கு கரடுமுரடான கல். கல் என்றால் பியூமிஸ், பெர்லைட், உடைத்த செங்கல், எரிமலைக்கல், எது கிடைக்கிறதோ அது. முக்கியம் அளவு: 3 முதல் 6 மில்லிமீட்டர். சலித்துத் தூசியை வெளியேற்றினால்தான் பலன். நுண்மணலைக் கலந்துவிட்டு “மணல் போட்டேனே” என்பவர்கள் நிறைய. நுண்மணல் இடுக்குகளை அடைத்து, காய்ந்ததும் சிமென்ட் போல இறுகும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு.

அப்புறம், பானையின் அடியில் கூழாங்கல் அடுக்கினால் நன்றாக வடியும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணில் பிடிபட்ட தண்ணீர், மண் முழுக்க ஊறி நிறையும்வரை கீழே இருக்கும் பெரிய கல் இடுக்குக்குள் இறங்காது. ஆக எப்போதும் ஈரமாக நிற்கும் அந்த அடுக்கு மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கல் போடுவதானால் அடியில் அடுக்காமல் மண்ணோடு கலந்து போடுங்கள். துளை வழியாக மண் கொட்டாமலிருக்க ஒரு துண்டு வலை போதும்.

கடையில் வாங்கிய செடியை அப்படியே வைத்திருக்கலாமா?

ஒரு வாரம் பழகவிட்டு மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் பீட் எனப்படும் சதுப்பு நிலத்து மட்கிய பாசியிலோ தேங்காய் நார்த்தூளிலோ வரும். அது ஈரமானால் நாள் கணக்கில் விடாது. பீட் முழுக்கக் காய்ந்துவிட்டாலோ, ஊற்றும் தண்ணீர் உருண்டு ஓரமாக ஓடிவிடும், நடுவில் ஒரு சொட்டும் இறங்காது. வேரைச் சுற்றிச் சின்ன வலைப்பை இருந்தால் வெட்டி எடுங்கள். மாற்றிய பிறகு நான்கைந்து நாள் தண்ணீர் வேண்டாம். அறுபட்ட வேர் முனைகள் ஆறட்டும்.

துளையில்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் வைக்கலாமா?

படம் எடுக்க வைக்கலாம். எடுத்ததும் பானைக்கு மாற்றிவிடுங்கள்.

மண்பானையா, பிளாஸ்டிக்கா?

ஊற்றாமல் கை நிற்காது என்பவர்களுக்கு மண்பானை. மறந்துபோகிறவர்களுக்குப் பிளாஸ்டிக். பானையின் அகலம் செடியைவிட ஓர் அங்குலம் கூட இருந்தால் போதும். பெரிய பானையில் வேர் எட்டாத மண்ணின் ஈரத்தைக் குடிக்க ஆளில்லை.

வாங்கும்போது ரோஜாப்பூ மாதிரி இருந்தது. இப்போது தண்டு நீண்டு, இலைகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஏன்?

வெளிச்சம் போதவில்லை. செடி வெளிச்சத்தைத் தேடி நடந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்செவேரியா மெக்சிகோவின் மேட்டு நிலங்களைச் சேர்ந்த இனம். அங்கே வானம் திறந்து கிடக்கும். அதற்கு உங்கள் மேஜை இருட்டறை. நமக்குப் பளிச்சென்று தெரியும் அறைகூடச் செடியின் கணக்கில் மங்கல்தான், ஏனென்றால் நம் கண் மங்கலுக்குச் சட்டென்று பழகிக்கொள்ளும்.

நீண்ட தண்டு திரும்பச் சுருங்காது. தலையை வெட்டுவதுதான் வழி. மூன்று நான்கு சென்டிமீட்டர் தண்டோடு உச்சியை வெட்டி, நிழலில் நான்கைந்து நாள் காயவைத்து, காய்ந்த கலவையின் மேல் நிறுத்துங்கள். அடிக்கட்டையை எறிய வேண்டாம், அதில் நான்கைந்து குட்டித் தலைகள் கிளம்பும். முதல் தடவை வெட்டும்போது கை நடுங்கும். எனக்கு நடுங்கியது.

வெளிச்சமே இல்லாத வீடு என்றால் வளர்ப்பு விளக்கு வாங்கலாம். ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் போதும். இரவில் அணைத்துவிட வேண்டும், இருட்டில்தான் இவற்றுக்குப் பாதி வேலை நடக்கிறது. அது என்ன வேலை என்பது கீழே வருகிறது.

சரி என்று நேரே உச்சி வெயிலில் வைத்தேன், வெந்துவிட்டது.

அது வெயில் காயம். அந்தப் பழுப்புத் தழும்பு இனி மாறாது. அந்த இலை உதிரும்வரை இருக்கும். நிழலில் இருந்ததை வெயிலுக்குக் கொண்டுபோகும்போது காலை வெயிலில் ஒரு மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். இலைமேல் வெள்ளையாக மாவு பூசியது போல் இருப்பது மெழுகு. செடி தானே பூசிக்கொண்ட வெயில் களிம்பு. துடைத்துப் பளபளப்பாக்காதீர்கள். முதிர்ந்த இலையில் துடைத்தால் அது திரும்ப வருவதில்லை, விரல் தடம் அப்படியே நிற்கும்.

படத்தில் சிவப்பு, என் வீட்டில் பச்சை. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. வலுத்த வெயில், குளிர்ந்த இரவு, கொஞ்சம் தாகம் மூன்றும் சேர்ந்தால் அந்தோசயனின் நிறமி கூடி இலை சிவக்கும். சுகமாக வைத்தால் பச்சையாகும். ஆனால் நீலமும் ஊதாவும் பளீரென்று அடித்த செடி என்றால் பெயின்ட். கள்ளியின் தலையில் காகிதம் போல் ஒரு பூ வாடாமல் நிற்கிறதா? லேசாக ஆட்டிப் பாருங்கள். பசையில் ஒட்டிய காய்ந்த பூவாக இருக்கும். இணையத்தில் விற்கும் நீல ரோஜா சக்குலன்ட் விதைகள் முளைத்தால் நீலம் மட்டும் வராது.

தலையில் சிவப்பு, மஞ்சள் உருண்டை வைத்த கள்ளி?

அது ஒட்டுச்செடி. மேலே இருப்பது ஜிம்னோகாலிசியம் என்ற கள்ளியின் பச்சையமே இல்லாத வகை. தனியே வளர்ந்தால் பட்டினியில் செத்துவிடும். அதனால் கீழே பச்சைத் தண்டின்மேல் ஒட்டிவிடுகிறார்கள். அந்தத் தண்டு டிராகன் பழத்தின் இனம். இரண்டுக்கும் வளர்ச்சி வேகம் பொருந்தாது, சில வருடங்களில் பிரிந்துவிடும். உங்கள் மேல் தவறில்லை.

இலையிலிருந்து புதிய செடி வருமா?

வரும், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. ரணகள்ளியை ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்பார்கள். அந்தப் பெயரைவிட நல்ல விளக்கம் யாரும் எழுத முடியாது. இலையை நூலில் கட்டித் தொங்கவிட்டாலும் அதன் விளிம்பிலுள்ள பள்ளங்களிலிருந்து குட்டிகள் கிளம்பும்.

கிராப்டோபெட்டலம், செடம், பல எச்செவேரியா இனங்கள் அடுத்த நிலை. இலையை இடவலமாக மெல்ல ஆட்டி, அடிப்பகுதி முழுதாக வரும்படி கழற்ற வேண்டும். பாதியில் ஒடிந்தால் வராது, ஏனென்றால் குட்டி கிளம்பும் திசுக்கள் அந்த அடியில்தான் இருக்கின்றன. இரண்டு மூன்று நாள் நிழலில் ஆறவிட்டு, மண்ணின் மேல் சும்மா வையுங்கள், புதைக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் இளஞ்சிவப்பு வேர் நூலாக நீளும், பிறகு கடுகளவு செடி. சிலது வேர் மட்டும் விட்டுக் குட்டியே போடாமல் மாதக்கணக்கில் கிடக்கும். அதற்கு என்னிடம் மருந்தில்லை, பொறுமையும் போய்விடும்.

ஏயோனியம் இலையில் வராது, தண்டு வேண்டும். மஞ்சள் கரையிட்ட பாம்புச் செடியை இலைத்துண்டில் வளர்த்தால் செடி வரும், மஞ்சள் வராது. கரையும் நடுவும் வேறு வேறு மரபு கொண்ட திசுக்கள். துண்டிலிருந்து கிளம்பும் குருத்து பச்சைத் திசுவிலிருந்து வருகிறது. கரை வேண்டுமென்றால் வேரடிக் கன்றைப் பிரியுங்கள்.

இரவில் ஆக்சிஜன் தருமாமே? படுக்கையறையில் வைக்கலாமா?

வைக்கலாம், ஆக்சிஜனுக்காக வேண்டாம். இந்தக் கதை எங்கே பிறந்தது என்பது சுவையானது. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்கும். கூடவே ஈரமும் ஆவியாகிப் போகும். பாலையில் அது கட்டுப்படியாகாது. அதனால் பெரும்பாலான சக்குலன்ட்கள் துளைகளை இரவில் திறக்கின்றன. எடுத்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதிலிருந்து சர்க்கரை செய்கின்றன.

இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் இதை நாக்கால் கண்டுபிடித்தார் என்றே சொல்ல வேண்டும். ரணகள்ளி இலை காலையில் புளிப்பதும், நண்பகலில் சுவையற்றுப் போவதும், மாலையில் லேசாகக் கசப்பதும் எப்படி என்று 1813-இல் லண்டன் லின்னேயன் சங்கத்துக்குப் போன கடிதத்தில் எழுதினார். இரவெல்லாம் சேர்ந்த அமிலம்தான் அந்தப் புளிப்பு. நீங்கள் சுவைத்துப் பார்க்க வேண்டாம்.

இரவில் வாயுவை எடுக்கின்றன என்பது உண்மை. ஆக்சிஜன் வெளியாவதற்கு ஒளி வேண்டும், இருட்டில் அது நடக்காது. காற்றைச் சுத்தம் செய்யும் என்பதற்கு நாசாவின் 1989 ஆய்வைக் காட்டுவார்கள். அது மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்த சோதனை. 2019-இல் வந்த ஒரு மறுஆய்வு, ஜன்னல் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டியிருக்கும் என்று கணக்குச் சொன்னது. கணினிக்குப் பக்கத்தில் வைத்த கள்ளி கதிர்வீச்சை உறிஞ்சும் என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

என் செடி மாதக்கணக்கில் வளரவில்லை. செத்துவிட்டதா?

தூங்குகிறது. இங்கேதான் சொந்த ஊர் தெரிந்திருக்க வேண்டும். அடீனியம் கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியப் பக்கம். வெயிலில் ஆடும், குளிரில் இலையைக் கொட்டிவிட்டு உறங்கும். அப்போது தண்ணீர் ஊற்றினால் அடித்தண்டு அழுகும். ஏயோனியமும் கோனோஃபைட்டமும் குளிர்கால மழை நிலங்களிலிருந்து வந்தவை. அதனால் கோடையில் உறங்கும். செம்பர்வைவம் ஐரோப்பிய மலைகளில் பனிக்கு அடியில் கிடந்து பிழைப்பது. அதை வீட்டுக்குள் கதகதப்பாக வைத்தால்தான் சாகும். எச்செவேரியாவுக்குப் பகல் வெயிலைவிட ஆறாத இரவு வெக்கைதான் பகை. வெக்கையான மாதங்களில் நிழல்வலை கட்டி, தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டம் கொடுங்கள்.

பெயரில் கள்ளி என்றிருந்தாலே பாலை என்று நினைக்காதீர்கள். கிறிஸ்துமஸ் கள்ளி தென்கிழக்கு பிரேசில் காட்டில் மரக்கிளைகளில் ஒட்டி வளர்வது. அதற்கு நிழலும் அடிக்கடி தண்ணீரும் வேண்டும்.

லித்தாப்ஸ் என்னிடம் மட்டும் வெடித்துச் செத்துப்போகிறது. என்ன செய்ய?

எல்லோரிடமும்தான். 1811-இல் வில்லியம் பர்ச்செல் தென்னாப்பிரிக்காவில் ஒரு வினோதக் கல்லைப் பொறுக்க, அது செடியாக இருந்தது. கல்முகம் என்ற பொருளில் 1922-இல் தாவரவியலாளர் என். இ. பிரவுன் அதற்கு லித்தாப்ஸ் என்று பெயர் வைத்தார். உடம்பு மண்ணுக்குள், மேலே தெரிவது ஒரு ஜன்னல். அதன் வழியாக ஒளி உள்ளே இறங்குகிறது.

அதற்கு இருப்பதே ஒரு ஜோடி இலை. பூத்து முடிந்ததும் உள்ளே புதிய ஜோடி உருவாகி, பழைய ஜோடியின் தண்ணீரைக் குடித்தே வளரும். அந்த மாதங்களில் ஒரு சொட்டு ஊற்றினாலும் பழையது வற்றாது, புதியதும் ஊதும், அதிகமானால் வெடிக்கும். பழைய தோல் காகிதமாக உலரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள். கடும் வெக்கையிலும் வேண்டாம். வருடத்தில் பாதிக்கு மேல் ஊற்றாமலிருக்க முடிகிறவர்களுக்கான செடி அது.

பஞ்சு போல வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. என்ன அது?

மாவுப்பூச்சி. முதலில் செடியைத் தனியே எடுத்து வையுங்கள். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள், வெயில் தாழ்ந்த பிறகு. வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். முட்டைகள் ஒளிந்திருக்கும் என்பதால் ஒருமுறையோடு விட்டால் திரும்ப வரும். வேப்பெண்ணெயும் வேலை செய்யும், ஆனால் மெழுகுப் பூச்சை அழித்துவிடும். பானையில் எறும்பு ஏறுகிறதென்றால் மேலே எங்கோ மாவுப்பூச்சி இருக்கிறது என்று பொருள். அது சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். காரணமில்லாமல் செடி சோர்ந்தால் பிடுங்கி வேரையும் பாருங்கள், வேருக்கென்றே ஒரு மாவுப்பூச்சி உண்டு.

புதிதாக வாங்கும் எதையும் ஒரு மாதம் தனியே வைத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கிறேன். ஒரே ஒரு அழகான ஹாவோர்த்தியாவை நேராக அலமாரியில் வைத்து, முழு அலமாரியையும் துடைத்தெடுத்த பிறகு வந்த புத்தி இது.

அடித்தண்டு கறுத்துவிட்டது.

மேலே வெட்டிக்கொண்டே வாருங்கள். வெட்டிய முகத்தில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால் இன்னும் மேலே. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். சுத்தமான திசு வந்ததும் காயவைத்து வேர்விடச் செய்யுங்கள். இலவங்கப்பட்டைப் பொடி தூவலாமா என்பார்கள். நான் தூவுவதில்லை, உலர்ந்த காற்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

குழந்தைகளும் பூனையும் இருக்கும் வீடு. ஆபத்து உண்டா?

யூபோர்பியாவின் பால் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் கடும் ஆபத்து. நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். கலஞ்சோ இனங்களில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு இருக்கிறது, நாய் பூனை எட்டாத இடத்தில் வையுங்கள். ஜேட் செடியைத் தின்றால் அவற்றுக்கு வாந்தி வரும். எச்செவேரியா, ஹாவோர்த்தியா இரண்டும் பாதகமில்லை. சப்பாத்திக்கள்ளியின் பெரிய முள்ளைவிட, பொட்டிலிருக்கும் மயிர் போன்ற நுண்முள்தான் தொல்லை. குத்தினால் தேய்க்காமல் ஒட்டும் டேப்பை வைத்து உரித்தெடுங்கள்.

பூத்தால் செடி செத்துவிடும் என்கிறார்களே?

சிலது மட்டும். பெரும்பாலான அகேவ் இனங்கள் ஒரே ஒருமுறை பூத்துச் சாகும், பக்கக் கன்றுகளை விட்டுவிட்டு. அவற்றில் ஒன்றை நூற்றாண்டுச் செடி என்கிறார்கள், ஆனால் பூக்கப் பெரும்பாலும் பத்து முதல் முப்பது ஆண்டே எடுக்கும். செம்பர்வைவத்தில் பூத்த தலை மட்டும் போகும். எச்செவேரியா வருடா வருடம் பூக்கும், ஒன்றும் ஆகாது.

சேகரிக்கத் தொடங்கிவிட்டேன். பெயர்கள் தலைசுற்றுகின்றன.

சுற்றும். வரிக்குதிரைக் கோடு போட்ட ஹாவோர்த்தியா இப்போது ஹாவோர்த்தியாப்சிஸ். பாம்புச் செடியின் சான்சிவேரியா டிராசீனாவுக்குள் போய்விட்டது. கிராப்டோபெட்டலத்தையும் எச்செவேரியாவையும் இணைத்தால் கிராப்டோவேரியா. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆனால் சீட்டு எழுதாமல் எதையும் வைக்காதீர்கள். பெயர், யாரிடமிருந்து வந்தது, எந்தத் தேதி. பென்சிலில் எழுதுங்கள், மார்க்கர் மை வெயிலில் ஒரே வருடத்தில் வெளுத்துவிடும், பென்சில் நிற்கும். ஒரு நகலை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள்.

தீவிரமாகச் சேகரிப்பவர்கள் களஎண்ணையும் எழுதுவார்கள், அதாவது அந்தச் செடியின் வம்சம் முதலில் எந்த இடத்தில் கிடைத்தது என்று குறிக்கும் எண்ணை. லித்தாப்ஸில் டெஸ்மண்ட் கோல் தொகுத்த எண்கள் புகழ்பெற்றவை. எண்ணைப் பார்த்தாலே அந்தச் செடியின் பாட்டன் முப்பாட்டன் எந்த மேட்டில் இருந்தது என்று தெரிந்துவிடும். சீட்டில்லாத அதே செடி, அழகான அநாதை.

அரிய செடி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

இதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். மிக மெதுவாக வளரும் செடி, பெரிய அளவில், மலிவாகக் கிடைக்கிறது என்றால் அத்தனை வருடம் அதை யார் வளர்த்தார்கள் என்று யோசியுங்கள். பல நேரங்களில் யாரும் வளர்க்கவில்லை, காட்டிலிருந்து பிடுங்கியிருக்கிறார்கள்.

2015-இல் வெளியான உலக மதிப்பீட்டின்படி காக்டஸ் இனங்களில் 31 சதவீதம் அழிவின் விளிம்பை நோக்கிப் போகின்றன. காரணங்களில் சேகரிப்பவர்களுக்காகப் பிடுங்குவதும் முக்கியமான ஒன்று. 2020-இல் இத்தாலியில் ஒரே ஒருவரிடமிருந்து சிலி நாட்டின் அரிய கள்ளிகள் ஆயிரத்துக்கு மேல் பிடிபட்டன. நூற்றுக்கணக்கானவை மறுவருடம் சிலிக்கே திரும்பின. கலிபோர்னியக் கடற்கரைப் பாறைகளில் வளரும் டட்லியா என்ற சக்குலன்டைப் பெயர்த்தெடுப்பது பெருகி, அதற்கென்றே 2021-இல் தனிச் சட்டம் வந்தது. தென்னாப்பிரிக்காவின் நாமக்வாலாந்தில் கோனோஃபைட்டங்கள் மூட்டை மூட்டையாகப் பிடிபடுகின்றன. சில இனங்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு குன்றுதான் வீடு. ஒரு பையோடு ஒருவர் ஒரு மதியம் அங்கே போய்வந்தால் அந்த இனம் முடிந்தது.

பிடுங்கிய செடி காட்டிக்கொடுத்துவிடும். தோலில் வருடக்கணக்கான தழும்பு, ஒருபக்கம் மட்டும் வெந்த பழுப்பு, அறுபட்ட தடித்த வேர், மண்ணே இல்லாமல் வருவது, ஒன்றுபோல் மற்றொன்று இல்லாமை. விதையிலிருந்து வளர்த்தவை சுத்தமாக, ஒரே அளவாக இருக்கும். ‘முதிர்ந்த, இயற்கையான தோற்றம்’ என்று விற்பனைக் குறிப்பில் இருந்தால் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன். விற்பவரிடம் எப்போது விதைத்தீர்கள் என்று கேளுங்கள். வளர்த்தவர் அரைமணி நேரம் பேசுவார்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கலாமா?

காகிதங்களோடு வரவழைக்கலாம். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்துக்காக 1975 முதல் நடைமுறையில் இருக்கும் சைட்டீஸ் ஒப்பந்தம் கிட்டத்தட்ட முழுக் கள்ளிக் குடும்பத்தையும், சக்குலன்ட் யூபோர்பியாக்களையும், சோற்றுக்கற்றாழை நீங்கலாக மற்றக் கற்றாழை இனங்களையும் கட்டுப்படுத்துகிறது. அவற்றுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அதோடு தாவர நலச் சான்றிதழும். ‘பொம்மை’ என்று எழுதி அனுப்புகிறேன் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

மூன்று வாரம் வெளியூர் போகிறேன். யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது?

யாரிடமும் வேண்டாம். கிளம்புவதற்கு முந்தின நாள், காய்ந்திருக்கும் பானைகளுக்கு மட்டும் ஊற்றிவிட்டு, உச்சி வெயிலிலிருந்து கொஞ்சம் உள்ளே நகர்த்தி வையுங்கள். முதல் வருடம் நான் ஒரு நண்பரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போனேன். பாவம், நல்ல மனிதர். ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து ஊற்றியிருக்கிறார்.